ஒன்பதிலிருந்து நாலு வரை

செக்கரம்மாவைப் பெண் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரையும் அவளே திருப்பி அனுப்பினாள். முதலாமவன் வயதில் இரண்டு வருஷம் குறைத்துச் சொல்லியிருந்தான். அவன் படித்த பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இரண்டாமவன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்றான், ஆகவில்லை. மூன்றாமவனைப் பற்றி இரண்டு மாதம் விசாரித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. "ஒரு மனுஷன் அப்படி இருக்க முடியாது. எதையோ நல்லா மறைக்கிறான்" என்று அவனையும் வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக, அதாவது செக்கராக, இருந்தவள்; செக்கரம்மா என்ற பெயரே அதனால் வந்ததுதான். தூங்குவது போல நடிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு தூங்குவான், நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் திறந்திருக்கும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. டிக்கெட் இல்லாதவன் தேடுகிற பாவனையில் எந்தப் பையில் முதலில் கையை விடுவான் என்பதும் அவளுக்கு அத்துப்படி. கழிப்பறைக்குள் ஒளிந்தவர்களை வெளியே வரவழைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மோதிர விரலால் மூன்று தட்டு. பிறகு, "உள்ள இருக்கறது தெரியும், வெளிய வாங்க" என்று குரலை உயர்த்தாமல் ஒரு வாக்கியம். தாழ்ப்பாள் விலகிவிடும்.

வேலையில் அது நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் வேறு கதை. தம்பி வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் "அத்தை வந்தாச்சு, எல்லாரும் டிக்கெட்டை எடுத்து வெச்சுக்கோங்க" என்று சிரிப்பார்கள். தம்பி மனைவி சிரிக்க மாட்டாள். அலமாரியை ஒரு தடவை பூட்டிப் பார்த்துக்கொள்வாள்.

செக்கரம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதி என்று சொன்னால் ஒரே ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்கள் விடுதியில் எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவள். ரயில் நிலையத்தை ஒட்டிய தபால் பிரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. யாருக்கு என்ன கடிதம் வந்தது என்று விடுதிக்கே முதலில் தெரிவிப்பவள் அவள்தான் என்பதால் 'தபால்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணமானதும் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். கணவன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகன். எப்போதாவது போனில் பேசிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு செக்கரம்மாவுக்குப் பொழுது போகவில்லை. "உன்னை வந்து பாக்கணும்டி" என்று தபாலிடம் சொன்னாள்.

"இப்ப வேணாம். வீட்டுல வெள்ளையடிக்கறாங்க" என்றாள் தபால்.

மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது குழாய் உடைந்திருந்தது. அதற்கு அப்புறம் கேட்டபோது மறுபடியும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்கு வருஷத்துல எத்தனை தடவைடி வெள்ளையடிப்ப?"

தபால், "சரி, வா. ஒரு வாரம் இரு. ஊரைச் சுத்திக் காட்டறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலில் பிரியம் இருந்தது. ஆனால் பிரியத்துக்கு முன்னால் ஒரு கணக்கும் ஓடியது. அது செக்கரம்மாவின் காதில் விழாமல் போகுமா?

சனிக்கிழமை வரை இருந்துவிட்டுத் திரும்புவதாக டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. தபால் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தோளில் பை, கையில் குடை, பைக்கு வெளியே தண்ணீர் பாட்டில். வரவேற்க வந்தவளுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு?

"பெட்டியை இங்கயே சாமான் அறையில போட்டுடலாம்" என்றாள் தபால். "நேரா ஊர் பாக்கப் போவோம்."

"குளிக்க வேணாமா? வண்டியில வந்த உடம்புடி."

"ஸ்டேஷன்லயே குளிக்கற எடம் இருக்கு. வெந்நீர்கூட வரும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் பார்க்கும் சிநேகிதியை யாராவது ஸ்டேஷனில் குளிக்கச் சொல்வார்களா? செக்கரம்மா போய்க் குளித்துவிட்டு வந்தாள். மனதுக்குள் சந்தேகத்தின் முதல் புள்ளி விழுந்துவிட்டது.

தபால் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு கதவுக் காட்சிசாலை. பழைய கட்டடங்களை இடிக்கும் வேலை எடுத்த ஒரு காண்டிராக்டர், இடித்த வீடுகளின் கதவுகளை மட்டும் விற்க மனசு வராமல் ஒரு மைதானத்தில் நட்டு வைத்திருந்தார். இருநூறுக்கு மேல் இருக்கும். சுவர் கிடையாது, வீடு கிடையாது. சட்டத்தோடு கதவு மட்டும் புல்லில் நிற்கும். ஆஸ்பத்திரிக் கதவு, சிறைக் கதவு, ஆள் குனிந்து போகும் கிடங்குக் கதவு. திறந்து அந்தப் பக்கம் போகலாம். அந்தப் பக்கமும் அதே புல்தான்.

"இதைப் பாக்க ஜனங்க வர்றாங்களா?"

"திறந்து மூடறதுல ஒரு சந்தோஷம் இருக்கு. நீ ஒண்ணு திறந்து பாரேன்" என்றாள் தபால்.

செக்கரம்மா கதவைப் பார்க்கவில்லை. நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தபாலிடம் சீட்டுக் கேட்கவில்லை. கேட்காமலேயே கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து மரத்தடி நிழலில் போட்டாள். ஸ்டூலில் ஒரு சின்ன மெத்தை தைத்திருந்தது.

மத்தியானம் போனது ஒரு பெயர்ப்பலகைக் கொட்டகை. விளம்பரப் பலகை எழுதும் பெயின்டர் ஒருவர், தானும் மற்றவர்களும் தப்பாக எழுதியதால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பலகைகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தார். 'இங்கு கடிகாரம் பழுது ஆக்கப்படும்.' 'பால் வலிக்கு உடனடி நிவாரணம்.' 'நாய்கள் உள்ளன, கடிக்கவும்.' செக்கரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பியபோது தபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் அது ஐந்தாவது தடவை.

பெயின்டரும் தபாலைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட வந்துட்டீங்க" என்றார். தபால் அவருக்குக் கண்ணைக் காட்டினாள். கண்ணைக் காட்டியதை செக்கரம்மா பார்த்துவிட்டாள்.

சரியாக நாலு மணிக்குத் தபால் கொஞ்சம் தள்ளிப் போய் போனை எடுத்தாள். ஒரே ஒரு தடவை மணி அடிக்க விட்டாள். துண்டித்தாள். பையில் போட்டுக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம். களைப்பா இருப்ப" என்றாள், ஏதோ அப்போதுதான் தோன்றியது போல.

வழியில் ஸ்டேஷனில் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடி, நீள நடைபாதையின் கடைசி வீடு. பூட்டில் சாவியை விடுவதற்கு முன்னால் தபால் இரண்டு தடவை இருமினாள். சாவிக்கொத்தைத் தேவைக்கு அதிகமாக ஆட்டினாள். செக்கரம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவள் கண்ணுக்கு வேலை வந்துவிட்டது. குளியலறைத் தரை ஈரம். தபால் காலையில் எட்டரைக்கே கிளம்பியிருப்பாள். இவ்வளவு நேரம் ஈரம் நிற்காது. கொடியில் துண்டு கனத்துத் தொங்கியது. சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து, இன்னும் சொட்டிக்கொண்டு. செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய செய்தித்தாளைப் போர்த்தி ஒரு ஜோடி ஆண் செருப்பு. மேஜையில் அன்றைய நாளிதழ். குறுக்கெழுத்துக் கட்டங்கள் முக்கால்வாசி நிரப்பப்பட்டிருந்தன. தபாலுடைய எழுத்து செக்கரம்மாவுக்குத் தெரியும். இது அந்த எழுத்தில்லை.

கூடத்தை ஒட்டி இரண்டு அறைகள். ஒன்றில் இவர்களுக்குப் படுக்கை. இன்னொன்றின் கதவு மூடியிருந்தது. நிலையில் ஒரு பக்கம் மட்டும் புது மரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள், யாரோ கடப்பாரை போட்டு நெம்பிய இடத்தைச் சரிசெய்தது போல.

"இது என்ன ரூம்?"

"சாமான் போட்டு வெச்சிருக்கேன். சாவி தொலைஞ்சுபோச்சு."

"பையன் எங்க இருக்கான் இப்ப?"

"வெளியூர்ல."

"எந்த ஊர்ல?"

"ரொம்ப தூரம். நீ காப்பி குடிப்பியா, டீயா?"

சாவி தொலைந்த அறையின் சாவித்துவாரத்தைச் செக்கரம்மா கடந்து போகும்போது பார்த்தாள். காகிதம் அடைத்திருந்தது. அடைத்தது உள்பக்கத்திலிருந்து.

இரண்டாம் நாளும் ஒன்பது மணி அடிப்பதற்கு முன்பே தபால் குடையோடு வாசலில் நின்றாள். அன்றைக்குப் பார்த்தது டிராம் பணிமனையில் ஒரு குடை அறை. வண்டியில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போன குடைகளைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. மழைக்காலத்தில் கறுப்பாக இருட்டிக் கிடக்கும் அறை, வெயில் மாதங்களில் பூப்போட்ட குடைகளால் நிறைந்துவிடும் என்று காவலாளி விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தபாலிடம் நீட்டினார். அதில் பாதி பின்னிய கம்பளிச் சட்டை இருந்தது. பெரிய அளவு. ஆண்பிள்ளை அளவு.

தபால் கழிப்பறைக்குப் போன சமயம் செக்கரம்மா காவலாளியை நெருங்கினாள். "இந்தம்மா அடிக்கடி வருவாங்களோ?"

"வாரத்துல ரெண்டு நாள் வந்துடுவாங்க. திங்கள், வியாழன். ரெண்டு வருஷமா வர்றாங்க. ஏம்மா கேக்கறீங்க?"

"சும்மா."

அன்று மாலை வீட்டில் அரிசி களையும்போது அளவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கு நாலு பேர் சாதம். "மிச்சம் காக்காய்க்கு வைப்பேன்" என்றாள் தபால். காலையில் சட்டி காலியாக இருந்தது. ஜன்னல்கள் மூடியே இருந்தன. எந்தக் காக்காய் ஜன்னலைத் திறந்து, சாப்பிட்டுவிட்டு, மூடிவிட்டுப் போகும்?

செக்கரம்மா படுக்கையில் கிடந்தபடி ஒவ்வொன்றாக எடுத்து அலசினாள். யாரோ ஒரு ஆண் இருக்கிறான். தபாலுக்கு வேண்டியவனாக இருந்தால் அவனை மறைக்க வேண்டிய அவசியம் என்ன, அவள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? போலீஸ் தேடுகிற ஆளோ? அவளை மிரட்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிறானோ? பகலெல்லாம் அவளை வெளியே துரத்திவிட்டு அவன் உள்ளே என்ன செய்கிறான்? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தபால் மேல் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வந்தன. முப்பது வருஷத்துக்கு மேலாக நம்மைத் தெரிந்தவள், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மூன்றாம் நாள் போனது ஒரு படிக்கட்டுக்கு. கீழ்த்தெருவையும் மேல்தெருவையும் சேர்க்கும் நீளமான கல் படி. ஏறும்போது எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு வரும், இறங்கும்போது நூற்றுப் பதினொன்றுதான் வரும் என்று ஊரில் பேச்சு. காலையிலேயே நாலைந்து பேர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு ஏறினார்கள்.

"நான் போய் எண்ணிப் பாக்கறேன். நீ இங்கயே உக்காரு, உன் முழங்காலுக்கு ஆகாது" என்றாள் செக்கரம்மா.

அவள் மேலே ஏறினாள். ஒரு படிகூட எண்ணவில்லை. மேல்தெருவில் விசாரித்து, தபால் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு எதிரே ஒரு தையல்கடை. அதன் நிழலில் நின்று மூன்றாவது மாடியைப் பார்த்தாள். காலையில் அவர்கள் சாத்திவிட்டு வந்த பால்கனிக் கதவு திறந்திருந்தது. கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

நடைபாதையில் சத்தம் வராமல் நடந்துபோய்க் கதவில் காதை வைத்தாள். உள்ளே குழாய் ஓடியது. பாத்திரம் உரசியது. சின்னச் சத்தத்தில் வானொலி பாட, அதோடு சேர்ந்து ஒரு ஆண் குரல் ஸ்வரம் தப்பித் தப்பிப் பாடிக்கொண்டிருந்தது. தன் வீட்டில் தனியாக இருக்கிறவன் பாடுவது போல, யாரைப் பற்றியும் கவலை இல்லாத பாட்டு.

ஆள் அகப்பட்ட நேரத்தில் வரும் அந்தப் பழைய சூடு செக்கரம்மாவின் நெஞ்சில் ஏறியது. மோதிர விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினாள்.

"உள்ள இருக்கறது தெரியும். வெளிய வாங்க."

பாட்டு பாதியில் நின்றது. கண்ணாடி ஏதோ விழுந்து உடைந்தது. தடதடவென்று காலடி ஓடியது. ஒரு கதவு அறைந்து மூடிக்கொண்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. குழாயும் மூடப்படவில்லை.

"கதவைத் திறக்கப் போறீங்களா, போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அவள் காத்திருந்தாள். இதுபோன்ற வேளையில் உள்ளே இருப்பவன் சமாதானம் பேசுவான், திட்டுவான், வேறு வழியாகத் தப்பப் பார்ப்பான். இவன் ஒன்றும் செய்யவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக நடைபாதைக்கு வந்தது. தொட்டி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். குழாயை மூடக்கூட ஒருவன் அந்த அறையை விட்டு வரமாட்டான் என்றால், அவன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. போனை எடுத்துத் தபாலைக் கூப்பிட்டாள்.

தபால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. முழங்காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். இந்தத் தடவை இருமவில்லை. கதவைத் திறந்து, தண்ணீரில் நடந்துபோய்க் குழாயை மூடினாள், வானொலியை அணைத்தாள். மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டு. தரையில் உடைந்த டம்ளர். மூடிய அறையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மாதான்டா. ஒண்ணும் இல்ல. அவ என் சிநேகிதி. கெட்டவ இல்ல. நீ பயப்படாத."

உள்ளேயிருந்து சத்தமில்லை. தபால் எழுந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். செக்கரம்மா துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் தபால், "வெளிய வா" என்று சொல்லி மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"உன் பையன்" என்றாள் செக்கரம்மா.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம் ஆகப்போகுது. கட்டடப் படம் வரையற ஆபீஸ்ல வேலைக்குப் போயிட்டிருந்தான். ஒரு நாள் மத்தியானமே வந்தான். தலைவலின்னான். ரூமுக்குள்ள போனான். அவ்வளவுதான். என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

தபால் சேலைத் தலைப்பால் முழங்காலைத் துடைத்துக்கொண்டாள். ஈரம் அதில் இல்லை.

"டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். கதவுக்கு வெளிய உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டு, கட்டாயப்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். என் அண்ணன் கேக்கல. கடப்பாரையோட வந்து கதவை நெம்பிட்டார். பையன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். நாலு நாள் சாப்பிடல. அன்னிலேர்ந்து சொந்தம்னு ஒருத்தரையும் நான் வீட்டுக்குள்ள விடறதில்ல."

"அப்ப பகல்ல?"

"நான் வேலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும், ஒன்பது மணிக்குப் போனா நாலு மணி வரைக்கும் வீடு அவனுக்கு. எழுந்து வருவான், குளிப்பான், சாப்பிடுவான், வீட்டைக்கூடப் பெருக்கி வைப்பான். நான் வந்தா உள்ள போயிடுவான். ராத்திரிச் சோத்தைக் கதவோரம் வெப்பேன், நான் தூங்கினப்பறம் எடுத்துப்பான். நானும் சரின்னு இருந்தேன். அப்பறம் எனக்கு ஓய்வு வந்துச்சு. நாள் முழுக்க வீட்டுல உக்காந்தேன். அவன் வெளிய வரவே இல்ல. அஞ்சாவது நாள் தட்டுகூடத் தொடல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. மறுநாள் ஒன்பது மணிக்குக் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"எங்க?"

"அதான் காட்டினேனே உனக்கு. கோயில் குளம்னு போனா தெரிஞ்சவங்க பாத்து விசாரிப்பாங்க. பூங்காவுல தனியா உக்காந்தா எவனாவது பேச்சுக் கொடுப்பான். இந்தக் கதவு, குடை, பலகை இதெல்லாம்தான் நல்ல எடம். யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. பைத்தியக்கார எடத்துக்கு வர்றவ பைத்தியக்காரியாத்தான் இருப்பான்னு விட்டுடுவாங்க."

செக்கரம்மா தன் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டாள். "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேள்வி கேட்டே கதவைத் திறந்துடுவ. பயமா இருந்துச்சு."

"அப்பறம் ஏன் வரச் சொன்ன?"

"தனியாச் சுத்திச் சுத்தி அலுத்துப்போச்சு. ஒரு வாரமாவது கூட நடக்க ஆள் வேணும்னு தோணிச்சு. என் புத்தி."

செக்கரம்மா, மறுநாளே ஊருக்குப் போய்விடுகிறேன் என்றாள். "போனா மட்டும் உடனே சரியாயிடுமா" என்றாள் தபால். குரலில் கசப்பு இருந்தது. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். நாலு மணிக்குப் போனில் ஒரு தடவை மணி அடிக்க விட்டு அவனுக்குத் தெரிவித்துவிட்டு வந்தார்கள். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. மூடி வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. வியாழக்கிழமை குடை அறையில் தபால் பின்னியதைப் பிரித்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி பிரித்தாள். காவலாளி இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் வீடு காய்ந்தே இருந்தது. செக்கரம்மா துண்டைத் தொட்டுப் பார்த்தாள், டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிறானா, இல்லை எதையாவது உள்ளே வைத்துக்கொண்டு தின்கிறானா, உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதைத் தபாலிடம் சொல்லவில்லை. இருமல் சத்தம் ஒன்று உள்ளேயிருந்து கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் செக்கரம்மா ஒரு தாளில் எழுதித் தபாலிடம் காட்டினாள். 'நான் உன் அம்மாவோடு விடுதியில் இருந்தவள். ரயிலில் டிக்கெட் பார்த்தவள். செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டியது நான்தான். போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். தப்பு என்னுடையது. உன் அம்மாவுக்கு இதில் சம்பந்தமில்லை. நாளைக் காலை எட்டு மணி வண்டிக்குப் போகிறேன். இனிமேல் தட்ட மாட்டேன். நன்றாகச் சாப்பிடு.'

தபால் இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கிக் கடைசி வரியை அடித்தாள். "இதெல்லாம் வேணாம். அவனுக்குப் பிடிக்காது." பிறகு தாளைக் கதவடியில் தள்ளினாள்.

அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை ஸ்டேஷனில் வண்டி புறப்படும்போது தபால் கையசைத்தாள், முகத்தில் சிரிப்பில்லை. செக்கரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பெட்டியில் ஏறிய பரிசோதகரிடம் கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டினாள். நாலரை மணிக்குப் போன் வந்தது.

"துண்டு ஈரமா இருக்கு" என்றாள் தபால்.

"நல்லாப் பாத்தியா?"

"பிழிஞ்சு பாத்தேன்டி."

அதோடு செக்கரம்மா மாறிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவளைத் தெரியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். காய்கறிக்காரனின் தராசை இன்றைக்கும் நம்ப மாட்டாள். தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவன் வேலை பார்க்கும் இடத்துக்கு யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தபாலின் ஊருக்குப் போக ஆரம்பித்தாள். போகும்போதெல்லாம் பெட்டியை ஸ்டேஷனிலேயே வைத்துவிடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருமாகக் கதவுகளைத் திறந்து மூடுவார்கள், பலகைகளைப் படித்துச் சிரிப்பார்கள். அந்த மைதானத்தில் இப்போது இரண்டு ஸ்டூல்.

இரண்டாவது வருஷம் தபாலுக்கு முழங்கால் ரொம்ப மோசமாகிவிட்டது. பகல் முழுக்க வெளியே இருக்க முடியவில்லை. அவள் கதவுக்கு வெளியே நின்று மகனிடம் அதைச் சொன்னாள். மறுநாள் மேஜையில் ஒரு சீட்டு இருந்தது: 'சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள்.' அவள் சாத்திக்கொண்டு இருந்தாள். பத்து மணிக்குக் கூடத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அதைப் போனில் சொன்னபோது, கதவிடுக்கு வழியாகப் பார்த்தாயா என்று கேட்க செக்கரம்மாவின் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் இன்றுவரை அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. டாக்டர் மாதம் ஒரு தடவை வருகிறார். அவர் வந்தால் இப்போது கதவு ஒரு சாண் அளவுக்குத் திறக்கிறது என்று தபால் சொல்கிறாள்.

போன மாதம் செக்கரம்மா போயிருந்தபோது தபால் மருந்து வாங்கக் கடைக்குப் போனாள். மழை பெய்ததால் இவள் கூடப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செக்கரம்மா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். காலடி சமையலறைக்குப் போயிற்று. தண்ணீர் கொதித்தது. காலடி திரும்பி வந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு டம்ளர் வைக்கப்பட்டது. காலடி போய்விட்டது; கதவு சாத்தப்பட்டது, அறையாமல்.

தேநீரில் சர்க்கரை போடவில்லை. அப்படியே குடித்தாள்.

தபால் வந்ததும் சொன்னாள். தபால் குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள்.

"எப்படி இருக்கான்? தாடி வளத்திருக்கானா? ரொம்ப மெலிஞ்சிருக்கானா?"

"நான் பாக்கல."

"நீயா? நீ பாக்காம இருந்தியா?"

"சத்தியமா பாக்கல. பேப்பரைப் பிடிச்சுக்கிட்டேன்."

தபால் அவளையே பார்த்தாள். கொஞ்சமும் நம்பவில்லை என்பது தெரிந்தது. செக்கரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலை மட்டும் பாத்தேன்டி. பேப்பருக்குக் கீழ தெரிஞ்சுது. நான் என்ன பண்ண?"

"கால் எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு. நகம் வெட்டியிருந்தான்."

"நகம் வெட்டியிருந்தானா?"

"ஒட்ட வெட்டியிருந்தான். பத்து விரலும்."

தபால் நாற்காலியில் உட்கார்ந்தாள். குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் காலை முதலில் பார்த்தாய், செருப்புப் போட்டிருந்தானா, எவ்வளவு நேரம் நின்றான் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.